‘மொகுசட்சு’வுக்குத் தமிழ் என்ன?

ஜப்பானிய மொழியில் ‘மொகு’ என்றால் பேசாதிருத்தல், ‘சட்சு’ என்றால் கொல்லுதல். இரண்டும் சேர்ந்தது மொகுசட்சு. ‘மௌனத்தால் கொல்வது’ என்று அப்படியே பெயர்த்து வைக்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பானியர் காதில் அது அப்படி விழுவதில்லை. வேலை நெருக்கடியில் திணறுவதை அவர்கள் ‘போசட்சு’ என்பார்கள். அதிலும் இதே ‘சட்சு’தான், யாரும் சாவதில்லை. ‘வேலை ஆளைக் கொல்லுது’ என்று நாம் சொல்கிறோமே, அந்த மாதிரி. மொகுசட்சுவிலும் கொலை அழுத்தம் கூட்டத்தான் வருகிறது. ஒன்றுக்குப் பதிலே சொல்லாமல் அதை இல்லாததுபோல் ஆக்கிவிடுவது என்பதுதான் பொருள்.

இந்தச் சொல்லை உலகம் அறியச் செய்தவர் கன்டாரோ சுசுகி, இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஜப்பானின் பிரதமர். 1894-95 சீனப் போரில் டார்பிடோ படகை ஓட்டியவர், 1905 சுஷிமா கடற்போரில் ரஷ்யர்களோடு மோதியவர், பிறகு அட்மிரலாகிப் பேரரசரின் அரண்மனைக்கும் போனவர். 1936 பிப்ரவரி 26 அன்று கிளர்ச்சிப் படையினர் வீடு புகுந்து அவரைச் சுட்டார்கள். கடைசி அடி விழாமல் தடுத்தது மனைவி தாகா. உயிர் பிழைத்தார். 1945 ஏப்ரல் 7-இல் பிரதமரானபோது வயது 77. காது மந்தம், எனக்கு வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தவரைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதே நாளில் ஜப்பானின் யமாட்டோ என்ற மாபெரும் போர்க்கப்பல் மூழ்கியது.

ஜூலை 26-ஆம் தேதி அமெரிக்காவும் பிரிட்டனும் சீனாவும் போட்ஸ்டாம் அறிக்கையை வெளியிட்டன: சரணடையுங்கள், இல்லையென்றால் முழு அழிவு. டோக்கியோ அப்போது சோவியத் யூனியன் மூலம் சமரசம் பேச முயன்றுகொண்டிருந்தது. மாஸ்கோவிலிருந்து பதில் வரவில்லை. அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்பது வெளியுறவு அமைச்சர் டோகோவின் யோசனை. ராணுவமோ சும்மா இருக்க விடவில்லை. 28-ஆம் தேதி நிருபர்களைச் சந்தித்த சுசுகி, இது 1943-இல் இதே மூன்று நாடுகள் வெளியிட்ட கெய்ரோ அறிக்கையின் மறுபதிப்பு, அரசு இதைப் பெரிதாக மதிக்கவில்லை, மொகுசட்சுதான் என்றார். போரைத் தொடர்வோம் என்றும் சேர்த்துக்கொண்டார். வெளிநாட்டுச் செய்திகளில் அது ‘நிராகரிப்பு’ ஆகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நிராகரித்தல்’ தவறு. நிராகரிப்பு ஒரு பதில், மொகுசட்சுவில் பதிலே கிடையாது. ‘புறக்கணிப்பு’ பரவாயில்லை, ஆனால் நம்மூரில் தேர்தல் புறக்கணிப்பு என்றால் பேனர் கட்டி, கறுப்புக் கொடி ஏற்றித்தான் நடக்கும். அவ்வளவு சத்தம் இந்தச் சொல்லுக்கு ஆகாது. ‘வாளாவிருத்தல்’ அழகான சொல், அமைதி அதில் இருக்கிறது, அலட்சியம் இல்லை. ‘சட்டை செய்யாமை’யில் அலட்சியம் மட்டும்தான் (சட்டை பண்ணவில்லை என்னும்போது யாருடைய சட்டையும் நமக்கு நினைவு வருவதில்லை, ஜப்பானியருக்குக் கொலை நினைவு வராததுபோல). டோகோ விரும்பியதற்குச் சரியான தமிழ் ‘கிடப்பில் போடுதல்’. அரசு அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

என் ஓட்டு ‘கண்டுகொள்ளாமல் விடுதல்’ என்பதற்கு. ‘பையன் லேட்டாக வந்தான், வாத்தியார் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்’ என்றால் அது பெரிய மனசு. ‘அரை மணி நேரம் வாசலில் நின்றேன், கண்டுகொள்ளவே இல்லை’ என்றால் அவமானம். ஒரே தொடர்தான். மொகுசட்சுவிலும் இதே வழுக்கல் உண்டு: இப்போதைக்குப் பேசாமல் இருக்கிறோம் என்றும் கொள்ளலாம், உன்னை மதிக்கவில்லை என்றும் கொள்ளலாம். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘கண்டுகொள்ளாமை’. ‘மௌனப் புறக்கணிப்பு’ என்று எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒரு மொழிபெயர்ப்புப் பிழையால் அணுகுண்டு விழுந்தது என்ற கதையை மட்டும் கொஞ்சம் தள்ளியே வைக்க வேண்டும். குண்டு போடுவதற்கான உத்தரவு ஜூலை 25-ஆம் தேதியிட்டது. போட்ஸ்டாம் அறிக்கைக்கு ஒரு நாள் முன்பு, சுசுகி வாய் திறப்பதற்கு மூன்று நாள் முன்பு. போரைத் தொடர்வோம் என்பதைச் சேர்த்துச் சொன்ன பிறகு, எவ்வளவு கவனமாக மொழிபெயர்த்திருந்தாலும் அது சமாதானமாகத் தொனித்திருக்காது. ஆனாலும் அமெரிக்க அதிபர் ட்ரூமன், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த ஆகஸ்ட் 6-இன் அறிக்கையில் ஜப்பானியத் தலைவர்கள் எச்சரிக்கையை உடனே நிராகரித்தார்கள் என்றுதான் சொன்னார்.

அப்புறம் அந்த ‘மொகு’. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஹிரோஷிமாவில் மணி ஒலிக்க, ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்கிறார்கள். அந்த மௌன அஞ்சலிக்கு ஜப்பானிய மொழியில் ‘மொகுதோ’ என்று பெயர். முதல் எழுத்து அதே எழுத்துதான்.