மோடைத் திருப்பும் முன் காற்றைப் பாருங்கள்

சென்னையில் டயர், வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன் நான். ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் உறுமிக்கொண்டு போகும் ஸ்போர்ட்ஸ் கார்களும் எங்கள் பட்டறைக்கு வரும். அவற்றின் சொந்தக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "ஸ்போர்ட் பிளஸ்ல போட்டா வளைவுல பின்னாடி லேசா நழுவுது. அலைன்மென்ட் பாருங்க." மெஷினில் ஏற்றும் முன் நான் காற்றைப் பார்ப்பேன். பல நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும். முன்னால் இரண்டிலும் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு), பின் இடதில் 29, பின் வலதில் 33 என்று இருந்தால் எந்த மோடு போட்டு என்ன பயன்?

மோடு என்பது ஒரே நேரத்தில் பல அமைப்புகளை மாற்றும் ஒரு குமிழ். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தால் எஞ்சின் எவ்வளவு துள்ள வேண்டும், எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும், ஸ்டீயரிங் எவ்வளவு கனக்க வேண்டும், டாம்பர் (ஷாக் அப்சார்பர்) எவ்வளவு இறுக வேண்டும், வண்டி சறுக்கத் தொடங்கியபின் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எவ்வளவு நேரம் பொறுத்திருந்து தலையிட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். பந்தயக் காரின் ஸ்டீயரிங்கில் இருந்த இந்த வசதியை ஃபெராரி 2004இல் எஃப்430 காரில் சாலைக்குக் கொண்டுவந்தது. 'மனெட்டினோ' என்று அதற்குப் பெயர். இன்று லம்போர்கினியில் ஸ்ட்ராடா, ஸ்போர்ட், கோர்சா என்றும், போர்ஷேயில் நார்மல், ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ், வெட் என்றும் இருக்கிறது. பெயர்தான் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்றே.

டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பை மட்டும் எந்தக் குமிழாலும் கூட்ட முடியாது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. டயர்கள் கம்பெனி சொன்ன அழுத்தத்தில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் அந்த நிரல் எழுதப்பட்டிருக்கிறது. காற்று குறைந்த டயர் ஸ்டீயரிங் திருப்பத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் பதில் சொல்லும். அந்தத் தாமதத்தோடு ஸ்போர்ட் பிளஸ்ஸின் தளர்ந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேரும்போதுதான் "லேசா நழுவுது" என்ற புகார் வருகிறது.

வெட் மோடை எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்த 992 ரக போர்ஷே 911இல் முன் சக்கர வளைவுக்குள் ஒலி சென்சார் உண்டு. சாலைத் தண்ணீர் தெறிக்கும் சத்தத்தை வைத்து ஈரத்தைக் கண்டுபிடித்து, வெட் மோடுக்கு மாறச் சொல்லும். அருமையான வேலைதான். ஆனால் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் பெரிதும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. விமான டயர்களை வைத்து நாசாவில் வால்டர் ஹோர்ன் 1960களில் தந்த கணக்கு ஒன்று உண்டு: பி.எஸ்.ஐ. அளவின் வர்க்கமூலத்தை 16.65ஆல் பெருக்கினால் மிதக்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 36 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 100 கி.மீ. 25க்கு 83தான். கார் டயரின் மேல்பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழமும் டயரின் அகலமும் சேர்ந்து இந்த எண்ணை மாற்றிவிடும் என்பதால் இதை மந்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். காற்று குறையக் குறைய மிதப்பு சீக்கிரம் வரும் என்ற திசை மட்டும் மாறாது. ஐப்பசி மழையில் ஈ.சி.ஆரில் தேங்கும் தண்ணீருக்கு நீங்கள் போட்டிருக்கும் மோடு தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சாலையில் டாம்பரை இறுக்கி ஓட்டுவது பெரும்பாலும் வீண். மேடுபள்ளத்தில் இறுகிய சக்கரம் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் பிடிப்பு இல்லை. ஃபெராரியே 2007இல் 430 ஸ்கூடேரியாவில், ரேஸ் மோடிலும் டாம்பரை மட்டும் மென்மையாக்க ஒரு பட்டன் வைத்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள விடும் இண்டிவிஜுவல் மோடு இருக்கிற வண்டியில் எஞ்சினை ஸ்போர்ட்டிலும் சஸ்பென்ஷனை நார்மலிலும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதுகும் ரிம்மும் பிழைக்கும்.

சரி, காற்றுக்கு வருவோம். "பாத்தாலே தெரியும் சார், காத்து ஃபுல்லாதான் இருக்கு" என்று பட்டறைப் பையன்கள் சொல்வதுண்டு. சாதாரணக் காரின் 185/65 டயருக்குப் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம், காற்று குறைந்தால் பிதுங்கித் தெரியும். ஸ்போர்ட்ஸ் காரின் 305/30 டயருக்கு 92 மில்லிமீட்டர்தான், அதுவும் விறைப்பான சுவர். பத்து பி.எஸ்.ஐ. குறைந்தாலும் அசையாமல் நிற்கும். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரில் காற்றே இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. காலால் உதைத்துப் பார்ப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு எண் இருக்கலாம், இரண்டு பேருக்கும் முழு லோடுக்கும் வெவ்வேறாக இருக்கலாம். காற்றடிக்கிற தம்பி "எவ்ளோ சார்?" என்று கேட்டதும் நாலுக்கும் சேர்த்து "முப்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு மொபைலைப் பார்க்கிற பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஒத்துவராது.

அந்த ஸ்டிக்கர் எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடி வந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். கத்திரி வெயிலில் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெயில் என்று நிறுத்திய காரில் இடதுக்கும் வலதுக்கும் இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் காட்டுவது சாதாரணம். அதைச் சமன் செய்கிறேன் என்று வெயில் பக்கத்தில் காற்றை இறக்கிவிட்டால் இரவில் அந்தப் பக்கம் குறைவாகிவிடும். அதிகாலையில், வீட்டு வாசலில் பார்ப்பதுதான் சரி.

வீட்டில் கம்ப்ரசர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: காலையில் குளிர்ந்த நிலையில் 29 காட்டுகிறது, வேண்டியது 34 என்றால், குறை 5 என்று குறித்துக்கொள்ளுங்கள். பங்க்குக்குப் போய்ச் சேரும்போது அதே டயர் சூடாகி 31 காட்டலாம். அங்கே 34 வரை நிரப்பக் கூடாது, 31உடன் அந்த 5ஐக் கூட்டி 36 வரை நிரப்ப வேண்டும். மறுநாள் காலை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். லாரிக்கும் காருக்கும் ஒரே கேஜ் வைத்திருக்கும் கடைகள் நிறைய. அது 220 பி.எஸ்.ஐ. வரை காட்டும். கேஜின் பிழை முழு அளவில் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 4.4 பி.எஸ்.ஐ. மேலேயோ கீழேயோ போகலாம். 60 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் 1 சதவீதப் பிழைக் கேஜில் அதே கணக்கு 0.6 மட்டுமே. டயல் கேஜ் தன் அளவின் நடுப்பகுதியில்தான் நன்றாகக் காட்டும். 34ஐ அளக்க 60 வரை உள்ள கேஜ் சரியாகப் பொருந்துவது அதனால்தான். உள்ளே வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று, அழுத்தம் ஏறினால் நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். பிரான்சில் பூர்தோன் என்பவர் 1849இல் காப்புரிமை பதிவு செய்த அதே ஏற்பாடு. அதை ஒருமுறை தரையில் போட்டுவிட்டால் குழாயின் வளைவு மாறி, கேஜ் அமைதியாகப் பொய் சொல்லத் தொடங்கும். பேனா மாதிரி இருக்கும் கேஜ் அவசரத்துக்கு மட்டும்.

டிஜிட்டல் கேஜ் 34.5 என்று புள்ளி போட்டுக் காட்டுவதால் துல்லியம் என்று நம்பிவிடுகிறோம். புள்ளிக்குப் பின் எண் இருப்பது வேறு, அந்த எண் உண்மையாக இருப்பது வேறு. நம்பகமான இன்னொரு கேஜோடு ஒரே டயரில், அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, உங்கள் கேஜ் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு எப்போதும் அதே கேஜ். வால்வில் நேராக, ஒரே அழுத்தாக வைக்க வேண்டும். சீறல் சத்தம் தொடர்ந்தால் அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பங்க்கில் எண்ணை வைத்ததும் தானே நிரப்பி 'பீப்' அடிக்கும் மெஷினையும் இப்படித்தான் ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

"டேஷ்போர்டே காட்டுதே, கேஜ் எதுக்கு?" என்பார்கள். டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் இந்த டி.பி.எம்.எஸ். இரண்டு வகை. வால்வோடு சேர்ந்த சென்சார் நேரடியாக அளப்பது ஒன்று. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் சென்சாரிலிருந்து சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டு ஊகிப்பது இன்னொன்று. இரண்டாவது வகைக்கு எண் தெரியாது. நீங்கள் ரீசெட் பட்டனை அழுத்தும்போது டயரில் என்ன இருக்கிறதோ அதுவே சரி என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் காற்றடிக்காமல் ரீசெட் செய்கிறவர்கள், குறைந்த காற்றையே அதற்குச் சரி என்று கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். முதல் வகையிலும் சிக்கல் உண்டு. 'பார்' என்ற இன்னொரு அழுத்த அலகில் 0.1 படியாகக் காட்டினால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கிவிடும், திரையில் தெரிவது பழைய எண்ணாக இருக்கலாம். போர்ஷே மாதிரி வண்டிகளில் எந்த டயர், பாதி லோடா முழு லோடா என்று மெனுவில் நாம்தான் சொல்ல வேண்டும். டயர் மாற்றியபின் அதை மாற்றாமல் விட்டால், தவறான இலக்கோடு ஒப்பிட்டு "எல்லாம் சரி" என்று காட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கையும் தாமதமாகத்தான் வரும். அமெரிக்க விதி 25 சதவீதக் குறைவையும் ஐரோப்பிய விதி 20 சதவீதக் குறைவையும் எல்லையாக வைத்திருக்கின்றன.

நைட்ரஜன் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஓராண்டு நடத்திய சோதனையில் 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கிய டயர்களில் சாதாரணக் காற்று 3.5 குறைந்தது, நைட்ரஜன் 2.2. போட்டால் கெடுதல் இல்லை. போட்டுவிட்டோம் என்று அளக்காமல் இருப்பதுதான் கெடுதல். ஊட்டிக்குப் போகிறவர்களும் காற்றைப் பற்றிப் பதற வேண்டாம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூட்டிக் காட்டும், குளிரால் டயருக்குள் குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து 20 டிகிரி குளிர்ந்தால் இரண்டும் சுமார் மூன்று பி.எஸ்.ஐ., ஒன்றை ஒன்று கழித்துவிடும்.

நான் உண்மையில் பயப்படுவது இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலிருந்து திரும்பி வருகிற வண்டிகளுக்கு. காலையில் 34 பி.எஸ்.ஐ. குளிர்ந்த டயரோடு போகிறார்கள். சில சுற்று ஓட்டியதும் 43 ஆகிறது, டயர் வழுக்குகிறது. டிராக் ஓரத்துப் பிட்டில் நிறுத்தி 36க்கு இறக்குகிறார்கள். டிராக்கில் அது சரியான வேலைதான். சாப்பிட்டு, பேசிவிட்டு, சாயங்காலம் கிளம்பும்போது டயர் ஆறி 28க்கு வந்திருக்கும். 34இலிருந்து அது 18 சதவீதத்துக்கும் குறைவான இறக்கம், விளக்கு எரியாமலே இருக்கலாம். டிராக்கில் வைத்த ஸ்போர்ட் பிளஸ் மனநிலையோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். காற்றுக் குறைவால் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. காலையிலேயே அந்தச் சுவர் போதுமான அளவு வெந்திருக்கிறது. டிராக்குக்குப் போகும்போது டிக்கியில் சிறிய கம்ப்ரசர் ஒன்றும் உங்கள் கேஜும் இருக்கட்டும். கிளம்பும் முன் நான்கையும் ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவந்து, பக்கச்சுவரின் உள்பக்கத்தில் வீக்கமோ வெட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மோடை நார்மலுக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.