அந்த பம்ப்புக்கு என்ன வயது?

"பைக்குக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறோம். விமானத்துக்கும் அப்படித்தானா? கம்ப்யூட்டர்தான் ஞாபகப்படுத்துமே, அப்புறம் எப்படிக் கெடு தவறுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

விமானத்துக்கு மூன்று கணக்குகள்: பறந்த மணி, ஏறி இறங்கிய தடவை, நாட்காட்டி. எது முதலில் முடிகிறதோ அதுவே கெடு. ஏறி இறங்குவதைச் சைக்கிள் என்பார்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி விமானத்தின் உடல் லேசாக உப்பி, பிறகு சுருங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்த மாதிரி உலோகம் களைத்துப்போகும். 1988இல் ஹவாயில் பறக்கும்போதே கூரை பிய்ந்துபோன அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, தீவுக்குத் தீவு குட்டிக் குட்டியாகப் பறந்து 35,496 மணி நேரத்தில் 89,680 சைக்கிள்களை முடித்திருந்தது. மணியை மட்டும் பார்த்தால் இந்தக் களைப்பு தெரியாது.

சரி, கெடு எப்படித் தவறுகிறது? பாகங்கள் விமானம் விட்டு விமானம் மாறும். 6,000 மணிக்கு மேல் ஓட்டக்கூடாத ஒரு பம்ப் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே 2,150 மணி ஓடியது. அதை மாட்டும்போது விமானத்தின் கணக்கு 21,400. இன்று 24,900. இடையில் 3,500 மணி. ஆக பம்ப்பின் வயது 5,650, மிச்சம் 350.

மாட்டியவர் 21,400க்குப் பதில் 22,400 என்று தட்டிவிட்டால்? திரையில் மிச்சம் 1,350 என்று வரும். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, சிவப்பு விளக்கும் எரியாது. கம்ப்யூட்டர் ஞாபகப்படுத்தத்தான் செய்யும், ஆனால் ஆயிரம் மணி நேரம் கழித்து.

இதைப் பிடிக்கும் வழி அவ்வளவு அழகு! மாட்டிய தேதியை எடுத்து, அன்றைய விமானப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். விமானத்தின் மணிக்கணக்கு ஏறுமே தவிர இறங்காது. ஒரு நாளில் 24க்கு மேல் ஏறவும் முடியாது. அன்று இரவு பதிவேட்டில் 21,400 என்றிருந்தால், 22,400ஐத் தொட இரவுபகலாக இறங்காமல் பறந்தாலும் 41 நாளுக்கு மேல் ஆகும். அப்படியென்றால் கம்ப்யூட்டரில் தட்டிய எண்தான் பிழை. அடுத்து, பழைய விமானத்திலிருந்து கழற்றியபோது எழுதிய பம்ப்பின் வயதும், புதியதில் மாட்டும்போது எழுதிய வயதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சரிபார்ப்பவர் திரையைப் பார்க்காமல், தாளிலிருந்தே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். திரையைப் பார்த்துவிட்டால் கண் அதையே ஆமோதிக்கும்.

இந்த வேலையைச் சிலர் வெறும் டைப்பிங் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம். ஸ்பானர் பிடிப்பவருக்கு உள்ள மரியாதையும் சம்பளமும் பயிற்சியும் பதிவேட்டைப் பார்ப்பவருக்கும் வேண்டும்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தில், 4,500 சைக்கிளுக்கு ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டிய விரிசல் சோதனை 46 விமானங்களில் தவறியிருந்தது 2007இல் தெரியவந்தது. அதற்குள் அவை 59,791 முறை பறந்திருந்தன. பிறகு சோதித்தபோது 6 விமானங்களில் விரிசல் இருந்தது.