மாத்திரைக்குள் ஏன் ஈஸ்திரஜன்?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து எல்.எச் ஓமோனைப் பாயவைத்துச் சூலை, அதாவது பெண்ணின் முட்டையை, வெளியேற்றுவதே ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோன்தான், பிறகு ஏன் அதையே கருத்தடை மாத்திரைக்குள் வைக்கிறார்கள்? அருமையான கேள்வி. ஆணுறை, லூப், குழாய் கட்டுதல் பற்றியெல்லாம் பிள்ளைகள் நன்றாக எழுதிவிடுவார்கள். மாத்திரை என்றதும் "சூல் வெளியேறுவதைத் தடுக்கும்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

விடை அளவிலும் நேரத்திலும் இருக்கிறது. ஈஸ்திரஜன் குறைவாக இருக்கும்வரை கபச்சுரப்பியை அடக்கியே வைத்திருக்கும். சூலகத்தில் சூலைச் சுற்றி வளரும் சிறு பையான புடைப்பு முதிர முதிர ஈஸ்திரஜன் கூடிக்கொண்டே போய், உயர்ந்த மட்டத்தில் ஏறத்தாழ இரண்டு நாள் நின்றால்தான் எல்லாம் தலைகீழாகும். இரணைமடுக் குளத்தில் நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் வான்கதவைத் திறப்பார்களே, அப்படித்தான் எல்.எச் பாய்கிறது, அடுத்த ஒன்றரை நாளளவில் சூல் வெளியே வருகிறது.

மாத்திரையிலிருக்கும் ஈஸ்திரஜன் நாள்தோறும் ஒரே சிறிய அளவாகப் போவதால் புடைப்பை வளர்க்கும் கபச்சுரப்பி ஓமோனான எப்.எஸ்.எச் அடங்கிக் கிடக்கும், புடைப்பு முதிராது, அந்த மட்டமும் வராது. கூடவே இருக்கும் புரோஜெஸ்தோஜன், அதாவது புரோஜெஸ்திரோன் போன்ற செயற்கை ஓமோன், கபச்சுரப்பியை ஏவும் மூளைப் பகுதியான ஐப்போதலமசின் ஓமோன் துடிப்புகளை மந்தமாக்கி எல்.எச் பாய்வதையே மறித்துவிடும். சூல் வெளியேறிய பிறகு வெறும் புடைப்பு மாறி உருவாகும் மஞ்சட்சடலம் சுரக்கும் புரோஜெஸ்திரோன் செய்வதும் இதே வேலைதான்!

ஓமோனால் கருத்தரிப்பைத் தடுக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1921இல் ஆபர்லாண்ட் என்ற ஒஸ்திரிய ஆய்வாளர், கருவுற்ற முயல்களின் சூலகத்தை மற்ற முயல்களில் ஒட்டவைத்து, அவை சில காலம் கருத்தரிக்காமல் இருப்பதைக் கண்டார். ஆனால் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 1960இல். அந்த மாத்திரைக்கான ஆய்வுக்குப் பெரும் பணம் தந்தது அரசு இல்லை, கதரின் மக்கோமிக் என்ற தனியொரு பெண். பெண்களின் உடல் பற்றிய ஆய்வுக்குப் பொதுப்பணம் இன்னும் தாராளமாகப் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, மாத்திரை போட்டால் பிறகு பிள்ளையே தங்காது என்று நம் ஊர்களில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். மாத்திரை எதையும் அழிப்பதில்லை, நிறுத்தினால் சில நாட்களிலேயே எப்.எஸ்.எச் மீண்டும் ஏறத் தொடங்கும். 21 மாத்திரைக்குப் பிறகு வரும் 7 நாள் இடைவெளியிலும் அதுவே நடக்கிறது. அதனால் அடுத்த அட்டையைத் தொடங்கப் பிந்தினால் புடைப்பு வளர்ந்துவிடக்கூடும், முதல் மாத்திரைகளைத் தவறவிடுவது ஏன் ஆபத்து என்று கேட்டால் இதைத்தான் எழுதவேண்டும்.