சாலொமோன் எழுதாத சாலொமோனின் சங்கீதங்கள்

‘சாலொமோனின் சங்கீதங்கள்’ என்ற பெயரில் 18 யூதப் பக்திப் பாடல்கள் கிரேக்கத்திலும் சிரியாக் மொழியிலும் கிடைத்துள்ளன. தாவீதின் மகனும் இஸ்ரவேலின் அரசருமான சாலொமோன் ஆண்டது கி.மு. 10ஆம் நூற்றாண்டு என்பது மரபு; இப்பாடல்களோ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எழுதியவர் யாரென்று தெரியாத பாடல்களின் காலத்தை ஆய்வாளர்கள் கணித்தது பாடல் வரிகளைக் கொண்டேதான்.

மதிலை இடிக்கும் பொறியோடு வந்த அந்நியன் ஒருவன், பிறகு எகிப்தில் குத்துண்டு மாண்டு, அடக்கம் செய்ய ஆளின்றி அலைகளில் மிதந்தான் என்கிறது இரண்டாம் சங்கீதம். நாட்டின் தலைவர்களே எருசலேமின் வாயில்களைத் திறந்து அவனை வரவேற்றதாக எட்டாம் சங்கீதம் குமுறுகிறது. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்ப்பி எருசலேமுக்கு வந்தபோது, ஒரு தரப்பினர் நகர வாயிலைத் திறந்துவிட, எதிர்த்தரப்பினர் கோவிலுக்குள் புகுந்துகொண்டு மூன்று மாதம் போரிட்டதை வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். அதே பாம்ப்பி கி.மு. 48இல் எகிப்துக் கரையில் கொல்லப்பட்டான். பாடல்களில் அவன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் அடையாளங்கள் இவ்வளவு பொருந்தும் வேறொருவனைக் காட்டுவது கடினம். ஆகவே, இரண்டாம் சங்கீதம் இன்றுள்ள வடிவத்தை அடைந்தது அந்த மரணத்துக்குப் பிறகே.

சாலொமோன் எழுதவில்லை என்பதற்குப் பதினேழாம் சங்கீதம் இதைவிட வலுவான சான்று. தாவீதின் அரியணையைப் பாழாக்கிவிட்டுத் தாங்களே முடிசூடிக்கொண்டவர்களை அது சாடுகிறது; பிற்காலத்தில் யூதேயாவை ஆண்ட, தாவீதின் வழிவராத ஆசாரியக் குடும்பமான ஹஸ்மோனியர்களையே இது குறிக்கிறது என்பது பெரும்பாலோர் முடிவு. அந்த அரியணையிலேயே அமர்ந்திருந்த சாலொமோன் அது பறிபோனதற்காகப் புலம்பியிருக்க முடியாது.

அப்படியானால் அவர் பெயர் எப்படி வந்தது? இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘சாலொமோனின் ஞானம்’ என்ற நூலில், பெயரைச் சொல்லாவிட்டாலும், பேசுகிறவர் தம்மை அந்த அரசராகவே காட்டிக்கொள்கிறார். அது ஆசிரியர் தாமே விரும்பிப் பூண்ட வேடம். சங்கீதங்களிலோ சாலொமோனின் பெயர் தலைப்புகளில் மட்டுமே உள்ளது, பாடல்களுக்குள் ஒருமுறைகூட இல்லை. எனவே பெயரற்றுப் புழங்கிய பாடல்களைத் தொகுத்தவரோ படியெடுத்தவரோ அதைச் சேர்த்திருக்கலாம். அவருக்குக் காரணங்களும் இருந்தன: சாலொமோன் 1005 பாட்டுகள் இயற்றியதாக எபிரேய வேதம் சொல்கிறது, பதினேழாம் சங்கீதம் ‘தாவீதின் குமாரன்’ ஒருவனை எதிர்நோக்குகிறது. தாவீதின் பெயரும் இவ்வாறே வளர்ந்தது. 1956இல் சாக்கடலோரக் கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த சங்கீதச் சுருள், அவர் மொத்தம் 4050 பாடல்கள் இயற்றியதாகக் கணக்குச் சொல்கிறது.

இத்தகைய தலைப்பைப் போலி என்று தள்ளிவிடுவது அவசரம் என்றே எனக்குப் படுகிறது. பாட்டை எழுதியவர் எதையும் உரிமை கோரவில்லை. தலைப்பிட்டவர் அதை எந்த மரபில் வைத்துப் படிக்க வேண்டும் என்று காட்டினார். ஆனால் அரசரின் பெயர் இருந்தும் இப்பாடல்கள் யூத வேதத்தில் இடம்பெறவில்லை. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியக் கையெழுத்துப் படி என்ற கிரேக்க வேதாகமப் பிரதியின் பொருளடக்கத்தில், புதிய ஏற்பாட்டு நூல்களுக்கும் அப்பால், கடைசியில் இவை குறிக்கப்பட்டுள்ளன. பாடல்கள் இருந்திருக்க வேண்டிய ஏடுகள் அந்தப் பிரதியில் இன்று இல்லை.