தின்றும் இளைக்கும் ஆல்சேஷன்

"இரண்டு வயது ஆல்சேஷன். வைத்ததையெல்லாம் தின்கிறது, ஆனால் விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது. தன் மலத்தையே தின்கிறது. பூச்சி மருந்து கொடுத்தும் பயனில்லை. திருஷ்டி என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகர்.

கணையத்தைச் சந்தேகப்படுங்கள். கணையத்தில் செரிமான நொதி சுரக்காமல் போவது இந்த இனத்தில் பேர்போன நோய். நாயின் நோயெதிர்ப்பு அணுக்களே கணையத்தில் நொதி சுரக்கும் செல்களை மெல்ல மெல்ல அழித்துவிடும். ஏறக்குறைய 90 சதவீதம் போகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் கொழுப்பும் புரதமும் செரிக்காமல், வெளிறிய மலமாக ஏராளமாகப் போகும். வயிறு நிறைந்தும் உடம்பு பட்டினி.

இதைக் கண்டுபிடிக்கும் விதம்தான் அழகு. இறைச்சியைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியைக் கணையம் அப்படியே தயாரித்தால் தன்னையே தின்றுவிடும்; கணையமும் இறைச்சிதானே! அதனால் உறையிலிட்ட கத்தியாக, டிரிப்சினோஜன் என்ற வடிவில் தயாரிக்கிறது. அதன் முனையில் சில அமினோ அமிலங்களால் ஆன சிறு வால். சிறுகுடல் சுவரிலுள்ள எண்டரோகைனேஸ் என்ற இன்னொரு நொதி அந்த வாலை நறுக்கிய பிறகுதான் டிரிப்சின் வேலைக்கு வரும். வந்த டிரிப்சின் அடுத்த டிரிப்சினோஜனின் வாலை நறுக்கும், அது அடுத்ததை. இந்த எண்டரோகைனேஸை 1899இல் ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வகத்தில் கண்டறிந்ததும் நாய்களை வைத்துத்தான்.

நலமான கணையத்திலிருந்து இந்த டிரிப்சினோஜன் துளித்துளியாக ரத்தத்திலும் கசியும். செல்கள் அழிந்தால் கசிவும் வற்றும். 12 மணி நேரம் பட்டினி போட்டு ரத்தம் எடுத்து அளந்தால், லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. நலமான நாயில் 5க்கு மேல் இருக்கும். டிரிப்சினோஜன் என்ற இந்தப் புரதம் உயிரினத்துக்கு உயிரினம் மாறுவதால் மனிதருக்கான சோதனை நாய்க்கு உதவாது. பூனைக்கும் தனிச் சோதனை. கால்நடை ஆராய்ச்சிப் பணம் பசுவுக்கும் கோழிக்கும் போவது நியாயம்தான். ஆனால் இப்படியொரு சோதனை ஊருக்கு ஊர் கிடைக்கவும் கொஞ்சம் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்? கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும், கழுத்து நரம்பில் ரத்தம் எடுக்கும்போது மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.

சரி, சிகிச்சை? பன்றிக் கணையத்தை உலர்த்திய நொதித் தூளை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலக்க வேண்டும், ஆயுள் முழுக்க. பல நாய்கள் நன்றாகவே தேறிவிடும். தூள் கொடுத்தும் எடை ஏறவில்லையென்றால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதை உறிஞ்ச உதவும் புரதம் நமக்கு இரைப்பையில் சுரக்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் கணையத்தில்தான். அதனால் பலவற்றுக்கு பி12 ஊசியும் தேவைப்படும்.