நிகர வடிதல்: கையிருப்பிலிருந்து போகவிருக்கும் பணத்துக்கு ஒரு சொல்

ஒரு நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இவ்வளவு என்று வெளியாகும் செய்தியில் பெரும்பாலும் ஒரே ஒரு தொகைதான் இருக்கும். அந்தத் தொகையில் எவ்வளவு அடுத்த ஓராண்டுக்குள் பிறருக்குக் கொடுத்தாக வேண்டியது என்பதை அறிய வேறோர் அட்டவணையைப் பார்க்க வேண்டும். சர்வதேச நாணய நிதியம் வகுத்துத் தந்த அந்த அட்டவணையில் ‘ஷார்ட் டெர்ம் நெட் டிரெயின்ஸ்’ என்று ஒரு தலைப்பு வருகிறது. இதைத் தமிழில் ‘குறுங்கால நிகர வெளியேற்றம்’ என்றோ ‘நிகர இழப்பு’ என்றோ எழுதினால், பணம் ஏற்கெனவே போய்விட்டதாகவே வாசகர் எண்ணுவார். உண்மையில் அங்கே குறிக்கப்படுவது இன்னும் போகாத பணம். ஆனால் போவதற்கான நாள் குறித்தாகிவிட்ட பணம். இதைத்தான் இங்கே ‘நிகர வடிதல்’ என்கிறேன்.

‘டிரெயின்’ என்பது பழைய ஆங்கிலத்தில் நீரை வடிப்பதைக் குறித்த வினைச்சொல். உலர்ந்தது என்னும் பொருளுடைய ‘டிரை’ என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரின. நீரைக் குறித்தது பின்னர் செல்வத்துக்கும் ஆகிவந்தது. இந்தியாவின் செல்வம் ஈடின்றி இங்கிலாந்துக்குச் செல்வதைத் தாதாபாய் நௌரோஜி 19ஆம் நூற்றாண்டில் இதே சொல்லால்தான் குறித்தார். நம் வரலாற்று நூல்கள் அதைச் ‘செல்வச் சுரண்டல்’ என்கின்றன. அவர் சொன்னதில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது, ஆகவே அந்தத் தமிழாக்கம் அங்கே பொருந்துகிறது. கையிருப்பு அட்டவணையில் இடம்பெறுவதோ நாடு தானே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்பதால், சுரண்டல் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

இப்படியோர் அட்டவணை ஏன் தேவைப்பட்டது என்பதைத் தாய்லாந்தின் 1997ஆம் ஆண்டு அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. பாட் நாணயத்தின் மதிப்பைக் காக்க அந்நாட்டு மத்திய வங்கி டாலர்களை விற்றது. விற்றபடியே விட்டிருந்தால் கையிருப்புத் தொகை குறைந்திருக்கும், எல்லோரும் அதைக் கண்டிருப்பார்கள். ஆனால் அந்த வங்கி நாணயமாற்று ஒப்பந்தங்கள் வழியாக டாலரை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே அளவு டாலரைப் பின்னொரு நாளில் ஒப்படைப்பதாக உறுதி கொடுத்தது. இதனால் கணக்கேட்டில் கையிருப்பு பெரிதாகக் குறையவில்லை. உறுதிமொழியோ கணக்கேட்டுக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. ஜூலை 2ஆம் நாள் பாட் மிதக்கவிடப்பட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விடப்பட்டது. ஆகஸ்டில்தான், பின்னொரு நாளில் டாலரை ஒப்படைப்பதாகச் செய்த அந்த முன்பேர ஒப்பந்தப் பொறுப்பு ஏறத்தாழ 2,340 கோடி டாலர் என்பது வெளியே தெரிந்தது. அதே ஆண்டில் தென் கொரியாவிலும் அறிவிக்கப்பட்ட கையிருப்பில் ஒரு பெரும்பகுதி உள்நாட்டு வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் வைப்பாக இருந்ததால், வேண்டிய நேரத்தில் எடுக்க முடியவில்லை.

இவற்றுக்குப் பிறகு 1999இல் நாணய நிதியம் தன் தரவு வெளியீட்டுத் தரநிலையில் இந்த அட்டவணையைச் சேர்த்தது. முதற்பகுதி கையில் உள்ள சொத்து. இரண்டாம் பகுதி முன்னரே குறித்த குறுங்கால நிகர வடிதல்: திருப்ப வேண்டிய கடனின் அசலும் வட்டியும், டாலரை ஒப்படைப்பதாகச் செய்த முன்பேர ஒப்பந்தங்கள் முதலானவை, இதே காலத்தில் வரவேண்டியவற்றோடு நேர்செய்யப்பட்டு இதில் அடங்கும். ‘நிகர’ என்ற அடைமொழி அதனால்தான் வருகிறது. மூன்றாம் பகுதி, ஏதேனும் நடந்தால் மட்டுமே போகக்கூடியது. அரசு பிணை நின்ற கடன் இதற்கு எடுத்துக்காட்டு. இதை ‘எதிர்பாரா வடிதல்’ என்று எழுதுவது எனக்கு ஒப்புதலில்லை. எதிர்பார்த்துத்தானே அட்டவணையிலேயே எழுதி வைக்கிறார்கள்? ‘நேரக்கூடிய வடிதல்’ என்பதே சரி.

குறுங்காலம் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பத்தாண்டுக்கு முன் வெளியிட்ட கடன்பத்திரம் இன்னும் எட்டு மாதத்தில் முதிர்கிறது என்றால், அது இந்த அட்டவணையில் குறுங்காலப் பொறுப்பே. எஞ்சியிருக்கும் காலத்தைத்தான் கணக்கில் கொள்கிறார்கள். ஒரு மாதம் வரை, ஒன்று முதல் மூன்று மாதம் வரை, மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை என அட்டவணையில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) உள்ளன. அந்தக் கடன்பத்திரத் தொகை இன்று கடைசிப் பத்தியில் இருக்கும். ஐந்து மாதம் கழிந்தபின் நடுப்பத்திக்கு வரும், கடைசி மாதத்தில் முதற்பத்தியில் நிற்கும். ஆகையால் ஒரு மாத அட்டவணையை மட்டும் படிப்பதைவிட, தொடர்ந்து பல மாதங்களின் அட்டவணைகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே பயன் தரும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு நிலைமையை இப்படிப் படித்தவர்களுக்கு நெருக்கடி திடீரென வந்ததாகத் தோன்றியிராது. அவ்வாண்டு ஜனவரியில் 50 கோடி டாலர் கடன்பத்திரம் ஒன்றை அந்நாடு அடைத்தது. ஜூலையில் இன்னொரு 100 கோடி டாலர் முதிரவிருந்தது. மார்ச் இறுதியில் கையிருப்பு சுமார் 190 கோடி டாலர் என்று காட்டப்பட்டாலும், அதில் ஏறத்தாழ 150 கோடி டாலருக்கு ஈடான தொகை சீன மத்திய வங்கியுடனான நாணயமாற்று ஒப்பந்தத்தால் வந்தது, நிபந்தனைக்கு உட்பட்டது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘வடிகால்’ உடனே நினைவுக்கு வரும். ஆனால் வெள்ளம் வடிய உதவும் வாய்க்காலையும், மனச்சுமை இறங்கும் வழியையும் குறித்து அது நன்மைப் பொருள் பெற்றுவிட்டது. ‘கசிவு’ என்றால் கவனக்குறைவு என்ற சாயல் விழுகிறது. ‘வெளிப்பாய்ச்சல்’ மூலதனம் வெளியே செல்வதற்கு வழங்கிவரும் சொல் என்பதால் இரண்டும் குழம்பும். ‘வடிதல்’ என்பதோ ஏரியின் மட்டம் மெல்லத் தாழ்வதைப் போன்ற நிகழ்வைக் குறிக்கிறது. யார் மீதும் பழி சுமத்துவதில்லை. எதிர்காலக் குறிப்பு அதில் இல்லை என்பது குறைதான். ஆகவே தலைப்பில் ‘முன்குறித்த குறுங்கால நிகர வடிதல்’ என்றும், தொடர்ந்து எழுதும் உரையில் ‘வடியவிருக்கும் தொகை’ என்றும் எழுதலாம்.

இந்தச் சொல் மத்திய வங்கி, மத்திய அரசு ஆகியவற்றின் பொறுப்புகளை மட்டுமே தழுவும். தனியார் நிறுவனங்கள் வாங்கிய டாலர் கடன் இதில் சேராது. மறுபுறம், அரசுக்கு டாலரில் கடன் கொடுத்தவர் உள்நாட்டவராகவே இருந்தாலும் அந்தத் தொகை இதில் சேரும்.