ஃப்ரீசரில் இருக்கும் தாய்ப்பாலுக்கு என்ன ஆகிறது?

வேலைக்குத் திரும்பும் நாளை மனதில் வைத்து வாரக்கணக்கில் பம்ப் செய்து, பை பையாக ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் பையை எடுத்து உருக்கினால் சோப்பு வாடை. குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவ்வளவுதான், எல்லாம் கெட்டுப்போச்சு என்று மொத்தத்தையும் தொட்டியில் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து ஊற்றாதீர்கள். சோப்பு வாடை அடிக்கும் பால் பெரும்பாலும் கெட்ட பால் இல்லை. அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், நாலு மணி நேரம், நாலு நாள், ஆறு மாசம் என்று எல்லாரும் சொல்லும் கணக்குகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதிலும் பாதி புரிந்துவிடும்.

முதலில் உறைவதைப் பார்ப்போம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். மீதி லாக்டோஸ், கொழுப்பு, புரதம், உப்புகள். லாக்டோஸும் உப்பும் கரைந்திருப்பதால் பால் 0 டிகிரியில் உறையாது, அதற்கும் அரை டிகிரி போலக் கீழே இறங்க வேண்டும். அப்போதும் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகிவிடுவதில்லை. ஐஸ் படிகம் தண்ணீரை மட்டும்தான் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், மற்றதை வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்டதெல்லாம் மிச்சமிருக்கும் திரவத்தில் போய்ச் சேரும், அது அடர்த்தியாகிக்கொண்டே போகும், அடர்த்தி கூடக் கூட உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் கேட்கும். அதனால்தான் மைனஸ் 18 டிகிரியில், விரலால் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகிப்போன பையிலும், படிகங்களுக்கு நடுவே உறையாத திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என்சைம்கள் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும். மிக மெதுவாக, ஆனால் நிறுத்தாமல்.

அப்படி வேலை செய்வதில் முக்கியமானது லைப்பேஸ். கொழுப்பை உடைக்கும் என்சைம் இது. பிறந்த குழந்தையின் கணையம் இன்னும் முழுதாக வேலைக்கு வந்திருக்காது, கொழுப்பைச் செரிக்கத் தேவையான லைப்பேஸை அதனால் போதிய அளவு சுரக்க முடியாது. அந்தக் குறையைத் தாய்ப்பாலே ஈடுகட்டுகிறது, கொழுப்போடு சேர்த்து அதைச் செரிக்கும் என்சைமையும் அனுப்பிவைக்கிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பு அடங்குவதே இல்லை. இதில் ஒரு வகை, குழந்தையின் குடலில் பித்த உப்பைச் சந்தித்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற இன்னொரு வகைக்குப் பித்த உப்பு தேவையில்லை.

புதிதாக எடுத்த பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக இருக்கும், ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு இருக்கும்வரை லைப்பேஸுக்குக் கொழுப்பு எளிதில் எட்டாது. உறையும்போது வளரும் ஐஸ் படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடுகின்றன. அப்புறம் லைப்பேஸ் உள்ளே புகுந்து கொழுப்பை உடைக்க, கொழுப்பு அமிலங்கள் தனியாகப் பிரிந்து வருகின்றன. சோப்பு என்பதே கொழுப்பு அமிலங்களின் உப்புதான், ஆகவே அந்த வாடைக்கும் சோப்புக்கும் உள்ள உறவு வெறும் பிரமை இல்லை. சிலருடைய பாலில் சில மணி நேரத்திலேயே வாடை வந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் வைத்தாலும் வராது. குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம், குடலுக்குள் நடக்க வேண்டிய செரிமானத்தில் கொஞ்சம் பைக்குள்ளேயே நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கெட்டுப்போன பால் வேறு. அதில் புளித்த நாற்றம் வரும், நுகர்ந்த உடனே தெரிந்துவிடும். உலோக வாடையோ மீன் வாடையோ வந்தால் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மாறியிருக்கலாம்.

குழந்தை குடிக்க மறுத்தால் என்ன செய்வது? ஏற்கெனவே வாடை வந்துவிட்ட பாலைத் திருத்த வழி இல்லை. அன்றைக்கு எடுத்த புதுப் பாலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பார்க்கலாம், பல குழந்தைகள் ஏற்றுக்கொள்ளும். இனி உறைய வைக்கப்போகும் பாலை மட்டும் முன்கூட்டியே சூடாக்கலாம்: ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும்வரை, சுமார் 82 டிகிரி, கொதிக்க விடாமல், பிறகு உடனே குளிர வைத்து ஃப்ரீசருக்கு. இதில் லைப்பேஸ் செயலிழந்துவிடும். ஆனால் நோய் எதிர்ப்புப் புரதங்களிலும் சில வைட்டமின்களிலும் ஒரு பங்கு அதோடு போய்விடும், அதனால் தேவைப்படாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். தேவையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சேர்க்க ஆரம்பிக்கும்போதே ஒன்றிரண்டு பையை ஒரு வாரம் உறைய வைத்து, உருக்கி, முகர்ந்து பார்த்து, குழந்தைக்குக் கொடுத்துப் பாருங்கள். பம்ப் வாங்கும்போதே ஒவ்வொரு தாய்க்கும் யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு பால் தொட்டிக்குப் போகாமல் இருந்திருக்கும்!

சரி, பாக்டீரியா பக்கம் வருவோம். உறைய வைப்பதால் பாக்டீரியா எல்லாம் செத்துப்போவதில்லை, பெருகுவதுதான் நிற்கிறது. புதுப் பாலுக்கு அவற்றைச் சமாளிக்கும் திறன் இயல்பாகவே உண்டு. பாக்டீரியாவுக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், பாக்டீரியாவின் சுவரையே உடைக்கும் லைசோசைம், ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம், இவற்றோடு உயிருள்ள வெள்ளை அணுக்கள். உறைந்த பாலில் புரதங்கள் பெருமளவு தப்பித்துவிடும், வெள்ளை அணுக்கள் தப்பிப்பதில்லை. கொழுப்புச் சவ்வைக் கிழித்த அதே படிகங்கள் இந்த அணுக்களையும் கிழித்துவிடுகின்றன. ஆகவே உருகிய பாலுக்குப் புதுப் பால் அளவுக்கு எதிர்ப்புத் திறன் கிடையாது.

கணக்குகளை இப்போது பாருங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்வது: புதிதாக எடுத்த பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள். உறைந்து உருகிய பால் வெளியே 1 முதல் 2 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் மட்டும். இந்த 24 மணி நேரத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த நேரத்திலிருந்து எண்ணக்கூடாது, கடைசி ஐஸ் துணுக்கும் கரைந்து முழுக்க உருகிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். குழந்தை வாய் வைத்துக் குடித்து மீதி வைத்த பாலில் வாயிலிருக்கும் பாக்டீரியாவும் கலந்திருக்கும், அதைக் குடித்து முடித்த 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். இதெல்லாம் நிறை மாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு. குறைமாதக் குழந்தை, மருத்துவமனையில் இருக்கும் குழந்தை என்றால் விதிகள் கடுமையாக இருக்கும், அங்கே சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஃப்ரீசருக்கு 6 மாதம் சிறந்தது, 12 மாதம் வரை பரவாயில்லை என்கிறார்கள். ஆறு மாதம் முடிந்த மறுநாள் பால் விஷமாகிவிடும் என்று அர்த்தமில்லை. நாளாக நாளாக வைட்டமின் சி குறையும், கொழுப்பு உடைந்துகொண்டே போகும், புளிப்புத்தன்மை கூடும், எல்லாம் படிப்படியாக நடப்பவை. ஆனால் இந்தக் கணக்கு மைனஸ் 18 டிகிரிக்குத்தான். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சின்னதாக இருக்கும் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிர்வது அரிது, அதற்கு பிரிட்டனின் என்.எச்.எஸ். தரும் கெடு 2 வாரம்தான்.

குளிரின் அளவைப் போலவே, அது ஏறி இறங்காமல் இருப்பதும் முக்கியம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கதவருகே உள்ள பை கொஞ்சம் சூடேறும். அப்போது சின்னப் படிகங்கள் கரையும், திரும்பக் குளிரும்போது அந்தத் தண்ணீர் பக்கத்திலிருக்கும் பெரிய படிகங்களில் ஒட்டிக்கொள்ளும், பெரியது இன்னும் பெரிதாகும். ஆகவே கதவில் வைக்காதீர்கள், உள்ளே தள்ளி வையுங்கள். ஐஸ் தானாகக் கரையும் வகை ஃப்ரீசர் என்றால் உள்சுவரை ஒட்டியும் வேண்டாம், ஐஸைக் கரைக்க அங்கே அவ்வப்போது சூடு வரும்.

ஒரு பையில் எவ்வளவு ஊற்றுவது? தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கிறது. இந்த மாதங்களில் அது பெரிதாக மாறுவதில்லை, வயதோடு சேர்ந்து அளவும் ஏறிக்கொண்டே போகும் என்று பயப்பட வேண்டாம். ஒரு நாளில் எட்டு முறை என்றால் ஒரு வேளைக்கு 100 மில்லி போல. அதனால் பை ஒன்றுக்கு 60 முதல் 120 மில்லி சரியாக இருக்கும், கூடவே 30 மில்லி பை சிலவும் இருந்தால் நல்லது. பெரிய பையாக உருக்கிவிட்டால் மீந்ததைத் திரும்ப உறைய வைக்க முடியாது.

தேதியையும் அளவையும் பால் ஊற்றுவதற்கு முன்பே பையில் எழுதிவிடுங்கள், ஈரமான பையில் பேனா பிடிக்காது. தண்ணீர் ஐஸாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும், மேலே இடம் விடாவிட்டால் ஓரம் பிளந்துவிடும். இடம் விட்டு, காற்றை மட்டும் அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வைத்து உறைய வையுங்கள். மெல்லிய தகடாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் படிகங்கள் சின்னதாக இருக்கும், உருகுவதும் சுலபம். இறுகியதும் ஒரு பெட்டியில் புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம், பழையது முன்னால், புதியது பின்னால். வெதுவெதுப்பான பாலை ஏற்கெனவே உறைந்த பாலின் மேல் ஊற்றாதீர்கள், ஃப்ரிட்ஜில் குளிர வைத்த பிறகு சேருங்கள். பல வேளைப் பாலை ஒன்றாகச் சேர்த்தால், இருப்பதிலேயே பழைய பாலின் தேதியைத்தான் எழுத வேண்டும்.

ஃப்ரீசர் நிறைய அடுக்கிய பைகளின் படத்தைப் பார்த்து மலைத்துப்போகும் தாய்மார்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அவ்வளவு தேவையே இல்லை. வேலைக்குப் போன பிறகு இன்று பம்ப் செய்வது ஃப்ரிட்ஜில் இருந்து நாளைக்குக் குழந்தைக்குப் போகும். ஃப்ரீசரில் இருக்க வேண்டியது முதல் சில நாளுக்கானதும், வேலை இழுத்துவிட்டாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ கைகொடுக்கும் அளவும்தான். இருப்புக்காகவே ஓயாமல் பம்ப் செய்தால் உடம்பும் அதற்கேற்ப அதிகமாகச் சுரக்கும், அப்புறம் பால் கட்டிக்கொள்வதும் மார்பு வீங்கி வலிப்பதும்தான் மிச்சம்.

உருக்குவதற்கு அவசரம் இல்லையென்றால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. அவசரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் கிண்ணத்தில் பையை வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அது ஒரே சீராகச் சூடாக்காது, ஓரிடத்தில் குளிர்ந்தும் பக்கத்திலேயே வாயைச் சுடும் அளவுக்கும் இருக்கும். உருகிய பாலில் கொழுப்பு தனியாக மேலே மிதக்கும், பையின் உட்பக்கத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளவும் செய்யும். சவ்வு கிழிந்த கொழுப்பு உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதால் வருவது இது. ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு ஊற்றினால் குழந்தைக்குச் சேர வேண்டிய சத்தில் ஒரு பகுதி பையோடு போய்விடும். உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக்கி, வெளியிலிருந்து விரலால் தேய்த்துவிட்டு, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

கரண்ட் போனால் முதல் வேலை ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருப்பது. நிறைந்த ஃப்ரீசர் மூடியபடியே 48 மணி நேரம் போலத் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஐஸ் உருகுவதற்கு நிறைய வெப்பம் வேண்டும், உள்ளே வரும் வெப்பத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும், அதனால் எவ்வளவு ஐஸ் இருக்கிறதோ அவ்வளவு நேரம் கிடைக்கும். பால் குறைவாக இருந்தால் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பலாம். கரண்ட் வந்த பிறகு ஒவ்வொரு பையையும் தொட்டுப் பாருங்கள். ஐஸ் துணுக்குகள் இன்னும் இருக்கிறதா? அப்படியானால் திரும்ப உறைய வைக்கலாம், உள்ளே ஐஸ் இருக்கும்வரை பாலின் வெப்பம் 0 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறியிருக்க முடியாது. முழுக்க உருகி ஆனால் சில்லென்று இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சில்லிப்பே போயிருந்தால் கொட்ட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது நடுவில் கரண்ட் போய் வந்ததா என்றே தெரியாது, உருகித் திரும்ப உறைந்த பை பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அந்த ஐஸின் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பால் உருகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டம்ளரின் அடியில் கிடந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீராகித்தான் மறுபடி உறைந்திருக்கிறது, அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.